‘மான் எங்க?’: இரண்டாம் பாகம் பிடிக்காதவர்களுக்கு என்ன பதில் சொல்வது

எங்கள் கேமின் இரண்டாம் பாகம் வெளியாகி நான்காம் நாள் வந்த விமர்சனம் அது. ஒரு நட்சத்திரம், இரண்டே சொல்: ‘மான் எங்க?’

திருகோணமலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டினால் புள்ளிமான் நிற்கும். சில நாள் கோட்டையை விட்டு இறங்கி ஊருக்குள்ளும் வந்து நிற்கும். கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளைகள் சாமியைக் கும்பிட முதல் மானைத்தான் பார்க்கும். எங்கள் முதல் கேமில் ஒரு தோணி திருகோணமலைக் கரையில் இருந்து புறப்பட்டு, கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும். புறப்படும்போது கரையில் நாலைந்து மான் தலை நிமிர்ந்து பார்க்கும். அந்த மானுக்குக் கேமில் வேறு ஒரு வேலையும் கிடையாது. புள்ளியும் தராது, தடையாகவும் வராது. அதனால்தான் இரண்டாம் பாகத்தில் அதை எடுத்துவிட்டோம். இடம் குறைந்த போன்களிலும் ஓட வேண்டும் என்று கோப்பின் அளவைக் குறைத்தபோது, முதலில் வெட்டுப்பட்டது மான்.

நாங்கள் நான்கு பேர். உவர்மலையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறைதான் எங்கள் அலுவலகம். ஒருவருக்குப் பகலில் வங்கி வேலை. ஒருவர் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறார். படம் முழுவதும் என் தங்கச்சியின் கை. நிரல் எழுதுவது நான். முதல் பாகத்தில் விரலால் துடுப்பு வலிக்க வேண்டும், காற்று மாறினால் தோணியின் போக்கும் மாறும். இரண்டாம் பாகத்தில் துடுப்பை எடுத்துவிட்டு எஞ்சின் பூட்டினோம். இடையிடையே விளம்பரம் வைத்தோம், விளம்பரம் வேண்டாதவர்கள் 300 ரூபா கட்டலாம் என்றோம். நேரம் போதாமல் காற்றையும் அலையையும் வருடம் முழுக்க ஒரே மாதிரி ஆக்கினேன். இதைச் செய்தது நான்தான்.

அதற்கும் ஒரு விமர்சனம் வந்தது: ‘கச்சான் காலத்தில கடல் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும். நீங்க அலையைத் தூக்கி வச்சிருக்கிறீங்க. முதல் கேமில சரியாத்தானே செய்தீங்க?’ கச்சான் என்பது எங்கள் பக்கம் வருட நடுவில் வீசுகிற தென்மேற்குக் காற்று. எழுதியவர் சல்லிப் பக்கமோ சாம்பல்தீவுப் பக்கமோ கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை என்று நினைக்கிறேன். வேறு யாருக்கும் இது கண்ணில் பட்டிருக்காது.

அன்று இரவு எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. ஒன்பது மாதம் நித்திரை முழித்துச் செய்த வேலை. கூகுள் பிளேயில் ஒரு விமர்சனத்துக்கு எழுதும் பதில் 350 எழுத்துக்குள் அடங்க வேண்டும். தமிழில் ‘கொ’ என்பதையே அது இரண்டாக எண்ணும். அந்த 350க்குள் என் கோபம் முழுவதையும் கச்சிதமாக அடுக்கினேன். இது கேம், வானிலை அறிக்கை இல்லை என்று தொடங்கி, பிடிக்காவிட்டால் முதல் பாகத்தையே விளையாடுங்கள் என்று முடித்தேன். தோளுக்குப் பின்னால் நின்று வாசித்த தங்கச்சி, ‘அண்ணா, அனுப்பாதீங்க. அவர் சொல்றது சரி’ என்றாள். வளாகத்தில் படிக்கிற தம்பிக்கு நேர் எதிர்க்கருத்து. ‘அனுப்புங்க அண்ணா. பேசாமல் இருந்தால் பிழையை ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிடும்’ என்றான்.

எதைச் செய்வது என்று தீர்மானிக்க ஒரு வாரம் எடுத்தோம். எங்களுக்கு முன்னால் இதே இடத்தில் நின்ற பெரிய நிறுவனங்களும் சிறிய குழுக்களும் என்ன செய்தன, அதற்கு என்ன விலை கொடுத்தன என்று தேடித் தேடி எழுதி வைத்தேன். இந்த ஊரிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கேம் செய்கிற தம்பி தங்கைகள் கூடிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறேன்.

முதல் வழி, வாதாடுவது. நெஞ்சு சுடும்போது கை தானாகப் போகிற வழி இது.

இதில் பேர்போன கதை 2017 நவம்பரில் நடந்தது. எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட்’ கேமின் இரண்டாம் பாகத்தை வெளியிட இருந்தது. 80 டொலர் கொடுத்து வாங்கியும் ஸ்டார் வார்ஸ் படங்களின் பேர்போன வில்லன் டார்த் வேடரின் பாத்திரம் பூட்டிக் கிடக்கிறது என்று ஒருவர் முறையிட்டார். பூட்டைத் திறக்க 60,000 புள்ளி சேர்க்க வேண்டும், அதற்குப் பல மணி நேரம் விளையாட வேண்டும். நிறுவனம் ரெடிட் என்ற இணைய உரையாடல் தளத்தில் கொடுத்த பதிலின் சாரம், பாத்திரங்களை உழைத்துத் திறக்கும்போது உங்களுக்குப் பெருமையும் சாதித்த நிறைவும் கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் நோக்கம் என்பது. அந்தப் பதிலுக்கு 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்கு விழுந்தது. ரெடிட்டிலேயே அதிக எதிர்வாக்கு வாங்கிய கருத்து என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. உடனே புள்ளியை 15,000 ஆகக் குறைத்தார்கள். கேம் முறையாக வெளியாவதற்கு முதல் நாள், காசு கட்டிப் பொருள் வாங்கும் வசதியையே தற்காலிகமாக நிறுத்தினார்கள். கடைசியில் செய்ததை முதல் பதிலிலேயே செய்திருக்கலாம். அந்தப் பதிலில் ஒரு கெட்ட சொல்லும் இல்லை, மிகவும் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். வாங்கியவர் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். நிறுவனம் அவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறது. ஆட்களுக்குச் சுட்டது அதுதான்.

2023 நவம்பரில் பெதஸ்டா நிறுவனமும் இதையே செய்தது. அவர்களுடைய ‘ஸ்டார்ஃபீல்ட்’ என்ற விண்வெளிக் கேம் இரண்டாம் பாகம் அல்ல, ஆனாலும் பாடம் ஒன்றுதான். வெறும் கோள்களில் அலைந்து அலுத்துப்போனது என்று ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் எழுதியவர்களுக்கு, நிலவில் இறங்கிய விண்வெளி வீரர்கள் அங்கே ஒன்றும் இல்லாதபோதும் அலுத்துப்போகவில்லையே என்ற வகையில் பதில் வந்தது. அலுப்பு வந்தவனிடம் உனக்கு அலுக்கவில்லை என்று நிறுவ முடியாது. சோறு உப்புக் கரிக்கிறது என்கிற விருந்தாளியிடம் உப்பின் நன்மையைச் சொல்லி என்ன பயன்?

எனக்கு மிக நெருக்கமாகப் பட்டது ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ கதை. பின்லாந்தின் தம்பரே நகரில் இருந்த கொலோசல் ஓடர் என்ற சிறிய நிறுவனம் 2015இல் முதல் பாகத்தைச் செய்தது. வீதி போட்டு, தண்ணீர் கொடுத்து, ஒரு நகரத்தையே நாமாகக் கட்டுகிற கேம். உலகம் முழுக்க ஆட்கள் அதை நெஞ்சில் வைத்துக் கொண்டாடினார்கள். இரண்டாம் பாகம் 2023 ஒக்டோபர் 24 அன்று வந்தது. நல்ல கொம்பியூட்டரிலும் திக்கித் திணறி ஓடியது. தேடிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்த காரணங்களில் ஒன்று, நகரத்தில் எறும்பு அளவில் நடமாடுகிற மனிதர்களின் வாய்க்குள் பல் வரை செதுக்கி வைத்திருந்தது. யாருமே பார்க்க முடியாத பல்லுக்காக எல்லோருடைய கொம்பியூட்டரும் மூச்சு வாங்கியது. நாங்கள் எல்லோரும் பார்த்த மானை வெட்டினோம், அவர்கள் ஒருவரும் பாராத பல்லை வைத்திருந்தார்கள். இதை வாசித்தபோது எங்கள் நான்கு பேருக்கும் பேச்சு வரவில்லை.

குறை சொன்னவர்களுக்கு அந்த நிறுவனத்தின் தலைவி மரீனா ஹல்லிகாய்னன் ஒரு கட்டத்தில் சொன்ன பதில், இந்த நகர இயக்கம் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் இந்தக் கேம் உங்களுக்கானதாக இல்லாமல் இருக்கலாம் என்பது. 2024 தொடக்கத்தில், ஆட்களின் வசையும் நஞ்சும் கூடிவிட்டன, அது எங்கள் ஊழியரைப் பாதிக்கிறது என்றும் எழுதினார். இந்த இரண்டாவதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. எங்களுக்கு வந்த விமர்சனங்களிலும் ஒன்று தங்கச்சியின் படத்தை விட்டுவிட்டுத் தங்கச்சியையே தூற்றியது. அதை விமர்சனம் என்று நான் எண்ணமாட்டேன். கூகுளுக்கு முறையிட்டுவிட்டு, ஒரு வரிகூடப் பதில் எழுதாமல் விட்டோம். எவர் மனதும் கல் இல்லை. ஆனால் வசைபாடுகிறவனையும் ‘முதல் பாகத்தில் சரியாத்தானே செய்தீங்க’ என்கிறவனையும் ஒரே கூடையில் போட்டால், இரண்டாமவன் தன்னையும் திட்டியதாகத்தான் எடுத்துக்கொள்வான்.

‘உங்களுக்கானது இல்லை’ என்ற பதில்தான் என்னை நித்திரை கொள்ளவிடாமல் வைத்தது, ஏனென்றால் நான் எழுதி வைத்திருந்ததும் அதுவேதான். புதுக் கேம் ஒன்றுக்கு அந்தப் பதில் பொருந்தலாம். குதிரைப் பந்தயக் கேமை ஒருவன் சதுரங்கம் இல்லையே என்று குறை சொன்னால், தம்பி இது உனக்கில்லை என்று சொல்லலாம். இரண்டாம் பாகத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. இரண்டாம் பாகத்தில் குறை காண்பவன் முதல் பாகத்தை நேசித்தவன். அவன் இருந்தபடியால்தான் இரண்டாவதே செய்தோம். மானைக் காணவில்லை என்று கேட்க, மான் அங்கே நின்றது நினைவிருக்க வேண்டும். அப்படி நினைவு வைத்திருக்கிறவனைப் பார்த்து இது உனக்கில்லை என்றால், பிறகு யாருக்காகச் செய்தோம்?

இந்த ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற வழிகளைப் பார்த்தேன்.

மிரட்டுவதும் மறைப்பதும் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் டிஜிட்டல் ஹோமிசைட் என்ற நிறுவனம் 2016இல் ஸ்டீம் பயனாளர் 100 பேர் மீது வழக்குப் போட்டது. ஸ்டீமை நடத்துகிற வால்வ் நிறுவனம் அவர்களுடைய கேம்கள் அத்தனையையும் கடையில் இருந்து தூக்கியது. 2011இல் ‘ட்ராகன் ஏஜ்’ இரண்டாம் பாகம் வந்தபோது, ஒரே குகையையும் ஒரே வீட்டையும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள் என்று பலர் குறைப்பட்டார்கள். அந்த நேரத்தில் அதைச் செய்த பயோவேர் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே விமர்சனப் புள்ளிகளைத் தொகுக்கிற மெட்டாகிரிட்டிக் தளத்தில் 10க்கு 10 போட்டு எழுதியது பிடிபட்டது. எங்களுக்கும் மச்சான்மார், மச்சாள்மார் உண்டு. ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னால் ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. ஒருவர் இந்த யோசனையைச் சொன்னார், நான்கு பேரும் உடனே வேண்டாம் என்றோம். சொன்னவரும் சேர்ந்துதான்.

கடையையே இழுத்துச் சாத்துவது என்றும் ஒரு வழி இருக்கிறது. ‘ஃபெஸ்’ என்ற அருமையான சிறு கேமைச் செய்த பில் ஃபிஷ், 2013 ஜூலையில் இணையத்தில் நடந்த ஒரு வாய்த்தர்க்கத்தின் முடிவில், இரண்டாம் பாகத்தைக் கைவிடுகிறேன் என்று அறிவித்தார். அதுவரை செய்ததோடு நின்றுபோனது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறிய குழுவில் உடம்பும் மனமும் உடைந்துபோனால் தாங்கிப் பிடிக்க இன்னொரு ஆள் இருக்காது. எங்களில் யாருக்காவது அந்த நிலை வந்திருந்தால் நானே மூடச் சொல்லியிருப்பேன். வரவில்லை.

அடுத்தது வாயை மூடிக்கொண்டு வேலை செய்வது. வங்கியில் வேலை செய்கிற நண்பர் இந்தப் பக்கம். அவர் காட்டியது ‘நோ மான்ஸ் ஸ்கை’ என்ற விண்வெளிக் கேம். இங்கிலாந்தின் கில்போர்டில் இருக்கும் ஹலோ கேம்ஸ் என்ற சிறு குழு 2016 ஓகஸ்டில் அதை வெளியிட்டது. சொன்னதெல்லாம் உள்ளே இல்லை என்று உலகமே ஏசியது. மூன்று மாதம் கிட்டத்தட்ட ஒரு வார்த்தையும் பேசவில்லை. நவம்பரில் முதல் பெரிய அப்டேட் வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் இலவசம். 2024இல் ஸ்டீம் விமர்சன மதிப்பீடு ‘மிகச் சாதகம்’ என்ற இடத்துக்கு ஏறியது. ஏழெட்டு வருட உழைப்பு. கேட்க நெஞ்சு நிறைகிறது, உண்மைதான்.

ஆனால் அந்த மௌனத்துக்குப் பின்னால் காசு இருந்தது. கேம் மிக நன்றாக விற்றிருந்தது, பத்துப் பதினைந்து பேருக்கு வருடக்கணக்கில் சம்பளம் கொடுக்க வழி இருந்தது. எங்கள் மேல்மாடி அறைக்கு மூன்று மாத மௌனம் கட்டாது. மௌனம் வெளியில் இருந்து பார்ப்பவருக்கு எப்போதும் ஒரே மாதிரித்தான் தெரியும், உள்ளே வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும். ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற ரொக்கெட் கேமின் இரண்டாம் பாகம் 2023 பெப்ரவரியில் அரைகுறையாக, 50 டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. மிச்சத்தைப் போகப் போகத் தருவோம் என்றார்கள். 2024இல் சியாட்டிலில் இருந்த அந்தக் குழுவே கலைக்கப்பட்டது. ரொக்கெட் விட்டுப் பழகிய பிள்ளைகள் அடுத்த அப்டேட் எப்போது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கதைக்குப் பிறகு, ‘வேலை செய்துகொண்டிருப்பார்கள்’ என்று யாரும் எங்களைச் சும்மா நம்பப் போவதில்லை. நம்பச் சொல்லிக் கேட்கவும் எங்களுக்கு உரிமை இல்லை.

கடைசி வழி, பிழை என்றால் பிழை என்று சொல்லி, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது. இதில் முழுதாக இறங்கியவர்கள் ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனத்தார். ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசையில் பதினான்காவது, இணையத்தில் பலர் சேர்ந்து விளையாடுகிற கேம், 2010 செப்டம்பரில் வந்து படுதோல்வி அடைந்தது. அந்த வருட டிசம்பரிலேயே மன்னிப்புக் கேட்டார்கள். மாதக் கட்டணத்தை நிறுத்தி வைத்தார்கள். பொறுப்பை நவோக்கி யோஷிதாவிடம் கொடுத்தார்கள். அவர் பழைய கேமைத் திருத்திக்கொண்டே, பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டினார். 2012 நவம்பரில் பழைய உலகத்தின் மேல் ஒரு சந்திரன் வந்து விழுவதாகக் கதையிலேயே எழுதி அதை மூடினார்கள். 2013 ஓகஸ்டில் புதியது திறந்தது. கேம் திருந்தும் வரை கட்டணம் வாங்கக் கூடாது என்று நினைத்தார்களே, அந்த இடத்தில் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்களால் சந்திரனை விழுத்த முடியாது. 300 ரூபாவைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

கொலோசல் ஓடரும் கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்தது. 2024 மார்ச்சில் கடற்கரை வீடுகள் என்று ஒரு மேலதிகப் பொதியைக் காசுக்கு விற்றார்கள். அடிப்படைக் கேமே திருந்தாதபோது இதற்கு வேறு காசா என்று ஆட்கள் கொதித்தார்கள். ஏப்ரலில் மன்னிப்புக் கடிதம் வந்தது, பொதி இலவசமானது, வாங்கியவர்களுக்குப் பணமும் திரும்பியது. நல்ல காரியம். ஆனால் வெளியாகி ஆறு மாதம் போயிருந்தது. அந்த ஆறு மாதத்தில் போனவர்கள் கடிதத்தை வாசிக்கத் திரும்பி வந்திருப்பார்களா? இப்போது அந்தக் கேமே வேறொரு குழுவின் கைக்கு மாறியிருக்கிறது.

மன்னிப்புக் கேட்பதென்றால் கேட்டதையெல்லாம் செய்வது என்று தம்பி பயந்தான். அப்படி இல்லை. 2012இல் ‘மாஸ் எஃபெக்ட்’ மூன்றாம் பாகத்தின் முடிவு ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. எதைத் தெரிவு செய்தாலும் நிறம்தான் மாறுகிறது, முடிவு ஒன்றுதான் என்பது குற்றச்சாட்டு. சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில், ஆனால் ஒரே சுவையில், 400 அளவில் கப்கேக் செய்வித்து அதைச் செய்த பயோவேர் நிறுவனத்துக்கே அனுப்பினார்கள். அவ்வளவு பாடுபட்டுக் குறை சொல்வதற்கு எவ்வளவு அன்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பயோவேர் ஜூன் மாதம் ஒரு நீட்டிப்பை இலவசமாகக் கொடுத்தது. முடிவை மாற்றவில்லை. அந்த முடிவால் யாருக்கு என்ன ஆனது என்று விளக்கமாகக் காட்டினார்கள். தங்கள் கதையை விட்டுக்கொடுக்காமலே கேட்டவனுக்குப் பதில் கிடைத்தது. எல்லோருக்கும் திருப்தி வரவில்லை, ஆனால் ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்ல இடம் இல்லை.

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு நால்வரும் கதைத்தோம். எஞ்சின் இருக்கும். அது பிடித்தவர்களும் இருக்கிறார்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள். ஆனால் துடுப்பும் திரும்ப வரும், வேண்டியதைத் தெரிவு செய்யலாம். விளம்பரம் பயணத்தின் நடுவில் வராது, கரை சேர்ந்த பிறகுதான் வரும். அலையைத் திருத்தாமல் ஒரு பதிலும் எழுதுவதில்லை என்று நான் கேட்டுக்கொண்டேன், மற்றவர்கள் சம்மதித்தார்கள். எதைச் செய்து முடித்தோமோ அதை மட்டும் சொல்வது, வரப்போவதற்கு நாள் குறிப்பதில்லை. இன்னொன்றையும் தீர்மானித்தோம். குறை எவருடைய வேலையைப் பற்றியதோ அவர் பதில் எழுதக் கூடாது. அலைக்கு நான் எழுதவில்லை. தங்கச்சி எழுதினாள். மானுக்கு அவள் எழுதவில்லை. நான் எழுதினேன்.

அலை இரண்டு கிழமை எடுத்தது. வடகிழக்கு வாடைக்கு ஒரு மாதிரி, கச்சானுக்கு ஒரு மாதிரி, இடையில் காற்றே இல்லாத சில நாள். பிறகு தங்கச்சி எழுதிய பதில் இது:

‘நீங்கள் சொன்னது சரி. கச்சான் காலத்துக் கடல் அப்படி இராது. நேரம் போதாமல் எல்லா மாதத்துக்கும் ஒரே அலையை வைத்துவிட்டோம். இப்போது திருத்தியிருக்கிறோம், துடுப்பும் திரும்ப வந்துவிட்டது. பார்த்துவிட்டு இன்னும் பிழை இருந்தால் சொல்லுங்கள். காசு கட்டியிருந்து திரும்ப வேண்டுமென்றால் எழுதுங்கள், தருகிறோம்.’

350க்குள் அடங்கியது. பதில் போனதும் எழுதியவருக்குக் கூகுள் அறிவிக்கும், அவர் விரும்பினால் நட்சத்திரத்தை மாற்றலாம். அவர் ஒன்றை மூன்றாக்கினார். கூடவே ஒரு வரி: ‘இப்ப பரவாயில்லை. மூதூர்ப் பக்கம் கரை இன்னும் கிட்ட இருக்கு, தூரம் காணாது.’ போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே கிட்டத்தான் வைத்திருக்கிறேன்.

மூன்று பேர் காசு திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தோம்.

மான் இன்னும் வரவில்லை. பழைய மானின் அசைவுக்கு 24 படம் இருந்தது, அதனால்தான் பாரம். எட்டுப் படத்தில் அதே மான் தலை நிமிர்த்த வேண்டும். போன ஞாயிறு விடியவே தங்கச்சி கோட்டைக்குப் போய், வேப்ப மரத்தடியில் இருந்து இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தாள். வரைந்து முடித்ததை அழித்துக்கொண்டே சொன்னாள்: ‘முதல் கேமிலயும் பிழைதான் அண்ணா. சத்தம் கேட்டால் ரெண்டு காதும் ஒண்டாத் திரும்பாது. ஒண்டு எங்களப் பாக்கும், மற்றது கடலப் பாக்கும்.’